ட்ரைசூட்டுக்குள் எந்த வாயு? குளிர்நீருக்குப் போகும் சுழியோடிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலைக் கடலுக்கு ட்ரைசூட் (தண்ணீர் உள்ளே போகாத, உள்ளே வாயு அடிக்கிற சுழியோட்ட உடை) தேவையில்லை. சோளகக் காலத்தில் நிலாவெளிப் பக்கம் தண்ணீர் 28, 29 பாகையில் இருக்கும். மட்டக்களப்புக்கு அப்பால் ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிற ஹெர்மிஸ் கப்பலுக்குப் போகிறவர்கள்கூட 5 மில்லிமீற்றர் வெட்சூட்டோடுதான் (தண்ணீர் உள்ளே போகிற றப்பர் உடை) இறங்குகிறார்கள்.

ஆனால் எங்கள் பிள்ளைகள் பலர் நோர்வேக்கும் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய் அங்கே ஆழச் சுழியோட்டம் செய்கிறார்கள். போவதற்கு முன் கருவிகளை என் வீட்டு விறாந்தையில் பரப்பி வைத்துப் பூட்டிப் பழகுகிறார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களும் வருவார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, சூட்டுக்குள்ள ஆர்கன் அடிக்கவா?"

ஆர்கன் காற்றைவிட வெப்பத்தைக் குறைவாகக் கடத்துகிற வாயு. அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. வாயுவைத் தெரிவு செய்வது இந்த வரிசையில் மூன்றாவதாக வருகிற வேலை. அதை முதலில் செய்கிறவர்கள்தான் காசையும் செலவழித்துக் குளிரிலும் நடுங்குகிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. தனி வாயு வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

முதுகுச் சிலிண்டரில் என்ன இருக்கிறது? காற்றோ சாதாரண நைட்ராக்ஸோ (ஒட்சிசன் கூட்டிய காற்று) என்றால் சூட் ஹோஸை (சூட்டுக்கு வாயு கொண்டுபோகும் குழாய்) அதிலேயே கொளுவுங்கள். நைதரசனும் ஒட்சிசனும் வெப்பத்தைக் கடத்துவது ஏறக்குறைய ஒரே அளவில்தான். அதனால் 32 வீத நைட்ராக்ஸ் சூட்டுக்குள் போனாலும் காற்றைவிடக் குளிராது. தனிப் போத்தலும் தேவையில்லை.

முதுகில் ட்ரைமிக்ஸ் (ஒட்சிசன், நைதரசன், ஹீலியம் மூன்றும் கலந்தது) என்றால் கதை வேறு. ஹீலியம் காற்றைப் போல ஆறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 18/45 (18 வீதம் ஒட்சிசன், 45 வீதம் ஹீலியம்) போன்ற கலவையே காற்றைப்போல இரு மடங்குக்கு மேல் கடத்தும். அதைச் சூட்டுக்குள் விட்டால் உடம்புச் சூட்டை நீங்களே வெளியே அனுப்புகிறீர்கள். ரீபிறீதர் (விட்ட மூச்சைச் சுத்திகரித்துத் திரும்பத் தரும் கருவி) பாவிக்கிறவர்கள் அதில் கலக்கிற வாயு உள்ள டிலூயன்ட் சிலிண்டரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதிலும் ஹீலியம் இருக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. டெக்கோவில் (உடம்பில் கரைந்த வாயு வெளியேற, ஏறும் வழியில் தரித்து நிற்பது) நைட்ராக்ஸுக்கு மாறிய பிறகும் தோலைச் சுற்றி ஹீலியம் நின்றால், அது தோல் வழியாக உள்ளே போகிற வேகம் நைதரசன் வெளியேறுகிற வேகத்தை மிஞ்சிவிடும். தோலில் கடியும் தடிப்பும் வரலாம். அழுத்த அறைப் பரிசோதனைகளில் இது கண்ட விடயம்.

ஆக, மூச்சுக் கலவையில் ஹீலியம் இருந்தால் சூட்டுக்குத் தனிப் போத்தல் கட்டாயம். அதற்குள் எதை நிரப்புவது என்பது இன்னும் மூன்றாம் படியில்தான் வருகிறது.

2. உள்ளுடையைச் சரியாக்குங்கள்

சூட்டுக்குள் உங்களைச் சூடாக வைத்திருப்பது உள்ளே போடுகிற பஞ்சுடைதான். நார்களுக்கு இடையில் வாயுவை அசையாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. அது மெல்லியதாக இருந்தால், அல்லது நனைந்திருந்தால், எந்த வாயுவும் உதவாது. தண்ணீர் காற்றைவிட 23 மடங்கு வரை வெப்பத்தைக் கடத்தும்.

டொரொண்டோவில் இருந்து வந்த மச்சான் ஒருவன், ஏரியில் 4 பாகைத் தண்ணீரில் ஆர்கன் போட்டும் விறைத்துப்போனேன் என்று குறைப்பட்டான். சூட்டை எங்கே போட்டாய் என்று கேட்டேன். ஹீட்டர் போட்ட காருக்குள் போட்டு, அப்படியே முக்கால் மணித்தியாலம் ஓடிப் போயிருக்கிறான். முதுகிலும் அக்குளிலும் வேர்த்து ஊறிய உள்ளுடையோடு ஏரிக்குள் இறங்கினால் ஆர்கன் என்ன செய்யும்? பாவம் ஆர்கன்.

செய்ய வேண்டியது இதுதான். சூட்டின் மேல்பாதியைக் கடைசி நேரத்தில் போடுங்கள். உள்ளுடைக்குக் கீழே, தோலோடு, வேர்வையை இழுத்து வெளியே தள்ளுகிற மெல்லிய செயற்கை நூல் உடை ஒன்று போடுங்கள். பருத்திப் பெனியன் வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கழுத்து, மணிக்கட்டு றப்பரில் கசிவு இருந்தால் அதை முதலில் திருத்துங்கள்.

திருகோணமலையில் பழகுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கச்சான் காற்றடிக்கும் நாளில் முழு உள்ளுடையோடு சூட்டைப் பூட்டிக்கொண்டு வள்ளத்தில் இருக்கக் கூடாது. பத்து நிமிடத்தில் தலை சுற்றும். இங்கே பழகுவது வால்வையும் மிதப்பையும் மட்டும்தான், அதற்கு ஒரு மெல்லிய உடை போதும்.

3. வாயுவைத் தெரிவு செய்யுங்கள்

இப்போதுதான் ஒப்பிட வேண்டும். சாதாரண அறை வெப்பநிலையில் வெப்பக் கடத்துதிறன், ஒரே அலகில்: காற்று 26, ஆர்கன் 18, காபனீரொட்சைட்டு 17, ஹீலியம் 150க்கு மேல். எண் குறையக் குறைய நல்லது.

காபனீரொட்சைட்டு ஆர்கனைவிடவும் கொஞ்சம் நல்லது போலத் தெரியும். ஆனால் வேர்வை ஈரத்தில் கரைந்து அமிலமாகித் தோலை எரிக்கும். விட்டுவிடுங்கள்.

டெக்கோவுக்குக் கொண்டுபோகிற 50 வீத நைட்ராக்ஸையோ சுத்த ஒட்சிசனையோ சூட்டில் கொளுவுகிறவர்களும் உண்டு. வெப்பத்தில் ஒரு இலாபமும் இல்லை. சூட்டுக்குள் பற்றரியில் ஓடும் வெப்பமூட்டும் அங்கி போட்டிருந்தால் அது ஆபத்து. ஒட்சிசன் மிகுந்த இடத்தில் ஒரு சிறு மின்பொறியும் பஞ்சில் பற்றிக்கொள்ளும். அந்தச் சிலிண்டரை இன்னொருவருக்குக் கொடுக்கவோ கழற்றவோ வேண்டி வந்தால் சூட்டுக்கு வாயுவும் போய்விடும்.

மிச்சம் இருப்பது காற்றும் ஆர்கனும். கணக்கில் ஆர்கன் மூன்றில் ஒரு பங்கு நல்லது. தண்ணீருக்குள் அந்த மூன்றில் ஒரு பங்கு அப்படியே கிடைக்காது. ஏன்? சூட்டுக்குள் முன்பே இருந்த காற்று முழுதாக வெளியே போவதில்லை. வெப்பத்தில் ஒரு பகுதி வாயு வழியாகப் போகாமல் பஞ்சின் நார் வழியாகவும், அழுந்திச் சப்பையான இடங்கள் வழியாகவும் போகிறது. கைக்கும் தலைக்கும் ஆர்கன் போவதே இல்லை. 2001இல் வெளியான நோர்வே ஆய்வொன்றில், எது எந்த வாயு என்று சுழியோடிகளுக்குச் சொல்லாமல் இறக்கிப் பார்த்தார்கள். உடல் வெப்பநிலையில் காற்றுக்கும் ஆர்கனுக்கும் வேறுபாடு காணவில்லை.

என் தீர்ப்பு: தண்ணீர் 8 பாகைக்கு மேல், மொத்த நேரம் ஒரு மணித்தியாலத்துக்குள் என்றால் தனிப் போத்தலில் காற்று. முதல் இருபது, முப்பது ட்ரைசூட் சுழியோட்டங்களுக்கும் காற்றுத்தான். தண்ணீர் 4, 5 பாகை, டெக்கோவோடு ஒன்றரை மணிக்கு மேல், ஏழாம் படியில் சொல்வதுபோல் சூட்டைக் கழுவ (உள்ளே உள்ள காற்றை ஆர்கனால் வெளியேற்ற) பொறுமையும் இருக்கிறது என்றால் ஆர்கன். கழுவப் பஞ்சி என்றால் ஆர்கனுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

4. எத்தனை லீற்றர் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

போத்தலை வாங்கிய பிறகு கணக்குப் பார்க்கிறவர்கள் பலர். அதை முன்பே செய்யுங்கள்.

சூட்டுக்குள் சௌகரியமாக நிற்கிற வாயு 10 லீற்றர் என்று வைப்போம். 60 மீற்றரில் அழுத்தம் 7 பார். அந்த 10 லீற்றரை அங்கேயும் 10 லீற்றராக வைத்திருக்க, இறங்குகிற வழியில் மேற்பரப்புக் கணக்கில் 60 லீற்றர் அடிக்க வேண்டும். இடையில் ஏறி இறங்குவதற்கு 20 லீற்றர் சேருங்கள். மொத்தம் 80.

ஒரு லீற்றர் போத்தலில் 150 பார் என்றால் 150 லீற்றர் இருக்கிறது. ஆனால் கடைசி 15, 20 பாரை அடியில் எடுக்க முடியாது. ரெகுலேட்டர் (சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) குறைத்துத் தருகிற இடை அழுத்தமும் சுற்றியுள்ள நீரின் அழுத்தமும் அதைப் பிடித்துக்கொள்ளும். கையில் வருவது 130. காற்றென்றால் தாராளம். ஆர்கன் என்றால் முதலில் மூன்று தரம் கழுவ வேண்டும், ஒரு தரத்துக்கு 15 லீற்றர், ஆக 45. மொத்தம் 125. கையில் 130, தேவை 125. இதோடு இறங்கக் கூடாது.

இரண்டு வழிகள் உண்டு. 2 லீற்றருக்குக் கிட்டிய போத்தல் ஒன்று எடுங்கள். அல்லது கழுவுகிற வேலையைக் கரையில் நிற்கிற பெரிய சிலிண்டரில் செய்துவிட்டுச் சிறிய போத்தலை முழுதாக மிச்சம் வையுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

சூடான இடத்தில் நிரப்பிய போத்தல் குளிர்நீரில் அழுத்தம் குறையும். 30 பாகையில் 150 பார் காட்டியது 5 பாகையில் 137, 138தான் காட்டும். ஊசி விழுந்துவிட்டது, கசிகிறது என்று பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நிறையைப் பற்றியும் கேட்பார்கள். ஆர்கன் காற்றைவிடப் பாரம் என்றாலும் மேலே சொன்ன கணக்கில் வித்தியாசம் நூறு கிராமுக்கும் குறைவு. ஈயத்தை மாற்ற வேண்டாம்.

5. போத்தலையும் ரெகுலேட்டரையும் பூட்டுங்கள்

இந்தப் படியில் அவசரப்படுகிறவர்களை நான் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். ஆர்கனில் ஒட்சிசன் இல்லை. ஓரிரு மூச்சில் நினைவு தப்பும். மூச்சு முட்டுவதுபோல் ஒரு அறிகுறியும் வராது. மூச்சு முட்டுகிற உணர்வு காபனீரொட்சைட்டு கூடுவதால் வருவது, ஒட்சிசன் இல்லாததால் வருவதல்ல. தண்ணீருக்குள் நினைவு தப்பினால் அதோடு முடிந்தது.

அதனால் முதல் விதி: சூட்டுப் போத்தலில் வாயில் வைக்கிற இரண்டாம் கட்டம் ஒருநாளும் இருக்கக் கூடாது. உள்ளே காற்றுத்தானே என்று ஒருநாள் பூட்டினால், அடுத்த கிழமை உள்ளே ஆர்கன் இருக்கும், பூட்டியது அப்படியே இருக்கும்.

இரண்டாம் விதி: ரெகுலேட்டரில் சிலிண்டரோடு பூட்டுகிற முதல் கட்டத்தில் மேலதிக அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு ஒன்று கட்டாயம். சாதாரணமாக முதல் கட்டம் பழுதாகி அழுத்தம் ஏறினால் இரண்டாம் கட்டம் தானாகத் திறந்து சீறும், நாமும் கண்டுகொள்வோம். சூட்டுப் போத்தலில் அது இல்லை. சூட் வால்வு அழுத்தத்தை விடாது. ஏறுகிற அழுத்தம் ஹோஸைத்தான் வெடிக்கச் செய்யும்.

மூன்றாவது, எழுத்து. "ஆர்கன். சுவாசிக்காதே" என்று தமிழிலும், போகிற நாட்டு மொழியிலும், போத்தலின் இரண்டு பக்கத்திலும் பெரிதாக எழுதுங்கள். இருட்டில் தடவியே தெரிய வேண்டும் என்பதற்காக நான் போத்தலின் கழுத்தில் கயிறு சுற்றிக் கட்டிவிடுவேன்.

போத்தலை முதுகுச் சிலிண்டரின் இடப்பக்கம், வால்வு கீழே பார்க்கக் கட்டுங்கள். கை பின்னால் போய் அதைத் திறந்து மூட முடிகிறதா என்று சூட்டோடு, கையுறையோடு பாருங்கள். முடியவில்லை என்றால் கட்டிய இடம் பிழை.

6. ஆர்கன் வாங்குங்கள், நிரப்புங்கள்

ஆர்கன் கிடைப்பது வெல்டிங் வேலைக்காரரிடம். அலுமினியமும் துருவேறா உருக்கும் ஒட்டுகிற டிக் வெல்டிங்குக்குச் சுத்த ஆர்கன் பாவிப்பார்கள். இரும்பு ஒட்டுகிற மிக் வெல்டிங்குக்குப் பாவிப்பது பெரும்பாலும் ஆர்கனும் காபனீரொட்சைட்டும் கலந்தது. பட்டறையில் இரண்டையும் "ஆர்கன்" என்றுதான் சொல்வார்கள்.

எங்களுக்கு ஒருமுறை ஒரு பட்டறையில் இப்படி மாறிக் கிடைத்தது. விறாந்தையில் சூட்டைக் கழுவிப் பழகிக்கொண்டிருந்த தம்பி, சில நிமிடத்தில் "அண்ணை, கழுத்தடி எரியுது" என்றான். கழற்றிப் பார்த்தால் கழுத்தும் அக்குளும் சிவந்திருந்தன. சிலிண்டரின் வில்லையை அப்போதுதான் வாசித்தேன். என் பிழை. வாங்குகிற இடத்திலேயே வாசித்திருக்க வேண்டும்.

ஆகவே "டிக் வெல்டிங்குக்கான சுத்த ஆர்கன்" என்று கேளுங்கள். சிலிண்டரில் ஒட்டியுள்ள வில்லையை நீங்களே வாசியுங்கள்.

நிரப்புவது திறந்த வெளியில். ஆர்கன் காற்றைவிடப் பாரம், மூடிய அறையில் நிலத்தோடு தேங்கும். குனிந்து வேலை செய்கிறவருக்குத் தெரியாமல் மூச்சில் போகும். வால்வை மெதுவாகத் திறந்து, போத்தல் சூடேறாமல் நிரப்புங்கள். சூடாக நிரப்பியது ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடும். இரண்டு பக்கமும் அழுத்தம் சமமானதும் ஓட்டம் நின்றுவிடும். 90 பாரில் நிற்கிற சிலிண்டரில் இருந்து 150 எடுக்க முடியாது.

போத்தலில் முன்பு காற்று இருந்திருந்தால் முதலில் வெறுமையாக்குங்கள். நிரப்பிய பிறகு ஒட்சிசன் அளவியைப் பிடியுங்கள். பூச்சியத்துக்குக் கிட்டக் காட்ட வேண்டும். 2.1 காட்டினால் பத்தில் ஒரு பங்கு காற்று என்று அர்த்தம். ஆனால் அளவி காபனீரொட்சைட்டைக் காட்டாது. அதற்கு வில்லையை வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

விமானத்தில் கொண்டுபோவதற்கு முன் போத்தலை வெறுமையாக்கி வால்வைக் கழற்றிவிடுங்கள். ஆர்கனைப் போகிற நாட்டில் வாங்கிக்கொள்ளலாம்.

7. சூட்டைக் கழுவுங்கள்

ஆர்கன் பாவிக்கிறவர்களில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். போத்தலில் சுத்த ஆர்கன் இருக்கும், சூட்டுக்குள் முக்கால்வாசி காற்றே நிற்கும்.

சிப்பை மூடி, எல்லாம் பூட்டியபின், வெளியேற்று வால்வை முழுதாகத் திறந்து குந்துங்கள். முழங்காலைக் கட்டிப்பிடித்து வாயுவைப் பிழிந்து வெளியே விடுங்கள். பிறகு வால்வை மூடி, சூட் ஊதி நிற்கும்வரை ஆர்கன் அடியுங்கள். இரண்டு நிமிடம் நடவுங்கள், கையைக் காலை ஆட்டுங்கள். பஞ்சு நாருக்குள் ஒளிந்திருக்கிற காற்று அப்போதுதான் வெளியே வந்து கலக்கும். திரும்பக் குந்திப் பிழியுங்கள். இப்படி மூன்று தரம்.

ஏன் மூன்று? பிழிந்தபின் 5 லீற்றர் மிஞ்சுகிறது, 15 லீற்றர் ஆர்கன் அடிக்கிறோம் என்று வையுங்கள். முதல் தரத்தில் காற்று நாலில் ஒன்றாகும், அடுத்ததில் பதினாறில் ஒன்று, மூன்றாவதில் அறுபத்துநாலில் ஒன்று. விறாந்தையில் வெளியேற்று வால்வுக்கு நேரே ஒட்சிசன் அளவியைப் பிடித்து இதைக் காட்டுவேன். 20.9இல் நிற்கிற எண் முதல் பிழியலிலேயே ஏழு, எட்டுக்கு விழும். கணக்குப்படி 5.2 வர வேண்டும், பஞ்சுக்குள் இருந்த காற்று அதை உயர்த்திக் காட்டுகிறது. நடக்காமல் நின்ற இடத்திலேயே கழுவியவனுக்கு மூன்றாம் தரத்திலும் நாலு காட்டியது. நடந்தவனுக்கு ஒன்றுக்குக் கீழே. அந்த எண்களைக் கண்ணால் கண்டவர்கள் அதற்குப் பிறகு நடக்க மறப்பதில்லை.

கழுத்து றப்பரை இழுத்து வாயுவை விடாதீர்கள். அது நேரே மூக்கடியில் வரும். இதையும் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

8. தண்ணீருக்குள்

இறங்கும்போது சிறிது சிறிதாக அடியுங்கள். சூட் இறுகுவதை உணர்ந்தபின் நீண்ட நேரம் அழுத்தினால் வால்வு உறைந்து திறந்தபடியே நின்றுவிடலாம், குளிர்நீரில் இது நடக்கிறது. நெஞ்சு நடுவில் பஞ்சு சப்பையாகிற அளவுக்கு இறுக விடவும் வேண்டாம். சப்பையான பஞ்சில் வாயு இல்லை, சூடும் இல்லை.

சூட்டுப் போத்தல் தீர்ந்தால்? முதுகுச் சிலிண்டரின் மிதப்புப் பைக்குப் போகிற ஹோஸை சூட் வால்வில் கொளுவ முடிகிறதா என்று கரையிலேயே பார்த்திருக்க வேண்டும். கொளுவிகள் எல்லாம் ஒரே வகை இல்லை. ட்ரைமிக்ஸ் உள்ளே போனால் குளிரும். ஆனால் வாயு இல்லாத சூட் உடம்பைப் பிழிகிற பிழிக்கு அது எவ்வளவோ மேல். அப்படி நடந்தால் சுழியோட்டத்தை முடித்து ஏறத் தொடங்குங்கள்.

9. வெப்பத்தை டெக்கோவுக்கு மிச்சம் வையுங்கள்

குளிரை ஒரு அசௌகரியம் என்று மட்டும் நினைக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் பரிசோதனைச் சுழியோட்டப் பிரிவு 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அடியில் குளிராக இருந்து டெக்கோவில் சூடாக இருந்தவர்களுக்கு அழுத்த நோய் (கரைந்த வாயு உடம்பில் குமிழாவதால் வருவது) குறைவாக வந்தது. அடியில் சூடாக இருந்து டெக்கோவில் குளிர்ந்தவர்களுக்குக் கூட வந்தது. உடம்பு சூடாக இருக்கும்போது இரத்தம் நன்றாக ஓடும், அடியில் அது வாயுவை உள்ளே ஏற்றும், டெக்கோவில் வெளியே இறக்கும். அதுதான் காரணம்.

அந்த ஆய்வில் "சூடு" என்றது 36 பாகைத் தண்ணீர். "குளிர்" என்றது 27 பாகை. ஏறக்குறைய எங்கள் திருகோணமலைத் தண்ணீர்! ஹெர்மிஸில் இருந்து ஏறி ஒரு மணித்தியாலம் கயிற்றில் தொங்குகிறவர்கள் ஏன் பல்லைக் கடிக்கிறார்கள் என்று இதில் விளங்கும். அவர்களுக்கு வேண்டியது ட்ரைசூட் இல்லை, ஒரு தொப்பியும் தடித்த வெட்சூட்டும்.

குளிர்நீரில் வெப்பமூட்டும் அங்கி பாவிக்கிறவர்கள் அதை அடியில் குறைத்து வைத்து, டெக்கோத் தரிப்புகளில் கூட்டுங்கள். அடியில் முழு வெப்பத்தில் ஓடவிட்டுப் பற்றரி டெக்கோவில் செத்துப்போவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

10. உங்களுக்கு உதவுகிறதா என்று சோதித்துப் பாருங்கள்

ஒரே இடம், ஒரே ஆழம், ஒரே உள்ளுடை. நண்பர் ஒருவர் ஒருநாள் காற்றும் ஒருநாள் ஆர்கனும் நிரப்பட்டும். எது எது என்று அவருக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். இரண்டு நாளும் ஆர்கன் என்றே நினைத்து ஒரே மாதிரிக் கழுவுங்கள், ஒரே எச்சரிக்கை எழுத்தை ஒட்டுங்கள். ஏறிய உடனே கை, கால், நெஞ்சு எப்படி இருந்தது என்று தனித்தனியாக எழுதுங்கள். பேசிய பிறகு எழுதினால் பேச்சு எழுத்தை மாற்றிவிடும்.

டொரொண்டோ மச்சான் திரும்பிப் போய் இதை ஆறு தரம் செய்தான். உள்ளுடை காய்ந்திருந்தது, சூட்டைக் காரில் போடவில்லை. எந்த நாள் ஆர்கன் என்று மூன்று தரம்தான் சரியாகச் சொன்னான். ஆறு நாளும் குளிர்ந்தது கையென்று எழுதியிருந்தான். அடுத்த மாதம் ஆர்கனுக்கு எடுத்து வைத்த காசில் உலர் கையுறை வாங்கிப் போட்டான்.